ஆடி மழைக்குள் போகும் மெலிந்த தேன்பெட்டி: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ரப்பர் தோட்டத்திலிருந்து பெட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கிய பிறகு, வைகாசிக் கடைசியில் ஆரம்பித்து ஆவணி வரைக்கும் ஒரே மாதிரிக் கேள்விகள்தான் வரும். "ஈ குறைஞ்சுபோச்சு", "அடையில புழு கூடு கட்டியிருக்கு", "நேத்து சாயந்தரம் இருந்தது, காலையில பெட்டி காலி". குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பக்கம் பெட்டி வைத்திருக்கிற எல்லோரும் ஒரு வருடமாவது இதைக் கேட்டிருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

வெளிநாட்டுப் புத்தகங்களில் பலவீனமான கூட்டைக் குளிர்காலத்தில் எப்படிக் காப்பாற்றுவது என்று ஒரு பாடமே இருக்கும். நமக்குப் பனி இல்லை, அந்த இடத்தில் மழை இருக்கிறது. மாசி, பங்குனியில் ரப்பர்த் தளிரில் ஊறிய தேன் வற்றியதும், கடைசித் தேனையும் நாம் எடுத்து முடித்ததும், ஆனி ஆடியில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். ஈ வெளியே போக முடியாது, போனாலும் தென்னம்பாளையைத் தவிர பெரிதாக எதுவும் கிடைக்காது. கொல்வது குளிர் இல்லை, பசிதான். பசியால் ஈ குறையும், குறைந்தால் அடையைப் போர்த்த முடியாது, போர்த்தாத அடைக்குள் பூச்சி புகும். இங்கே சொல்வதெல்லாம் அடுக்குத் தேனீக்கு, அதாவது நம் நாட்டு இந்தியத் தேனீக்கு. இத்தாலியத் தேனீ வைத்திருப்பவர்களுக்கு உண்ணி முதலிய வேறு தலைவலிகள் உண்டு, அவர்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம்.

## முதலில், பெட்டி உண்மையிலேயே மெலிந்ததுதானா?

வாசலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மழை விட்ட ஒரு நாள், காலை 10 மணிக்கு மேல் வெயில் எட்டிப் பார்த்ததும் மூடியைத் திறந்து, புழு அறையில் (ராணி முட்டையிட்டுப் புழு வளரும் கீழ் அறை) இரண்டு பக்கமும் ஈ போர்த்தியிருக்கிற சட்டங்களை (அடை கட்டுவதற்கான மரச்சட்டம்) மட்டும் எண்ணுங்கள். அடை இருக்கிற சட்டத்தை எண்ணக் கூடாது, ஈ இருக்கிற சட்டத்தை எண்ண வேண்டும்.

என் கணக்கு இது. 5, 6 சட்டம் என்றால் கவலையில்லை. 3, 4 என்றால் மெலிந்தது, கவனித்தால் தப்பிக்கும். 2 அல்லது அதற்கும் கீழே என்றால் நோய் இல்லாத பட்சத்தில் வேறு பெட்டியோடு சேர்த்துவிடுங்கள், தனியாக ஆடியைத் தாண்ட வைக்க முயல வேண்டாம். நான் முதல் சில வருடங்கள் 2 சட்டப் பெட்டிகளைச் சீனிப்பாகு ஊற்றி ஊற்றி ஆவணி வரை இழுத்திருக்கிறேன். அந்தச் சீனியும் போச்சு, ஈயும் போச்சு.

எண்ணிய அன்றே செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு, எந்த அறிகுறியாக இருந்தாலும் பொருந்தும். ஈ போர்த்தாத அடைகளை எல்லாம் வெளியே எடுத்துவிட்டு, மிச்சச் சட்டங்களை ஒரு ஓரமாக நெருக்கி, பக்கத்தில் ஒரு தடுப்புப் பலகையைச் சொருகுங்கள். பலகை இல்லாவிட்டால் பெட்டியின் அளவுக்கு வெட்டிய ஒட்டுப்பலகை போதும். மேலே தேன் அறை இன்னும் இருந்தால் அதையும் இறக்கிவிடுங்கள். நான் பார்த்த தோல்விகளில் பெரும்பாலானவற்றுக்கு அடியில் இருந்தது ஈயால் காவல் காக்க முடியாத காலி அடைதான்.

## அறிகுறி: வாசலில் நடமாட்டம் இல்லை, பூம்பொடி (மகரந்தம்) வரவில்லை

பக்கத்துப் பெட்டிகளைப் பாருங்கள். எல்லாம் அப்படித்தான் இருக்கிறதா? அப்படியென்றால் மழைதான் காரணம், பெட்டியில் கோளாறு இல்லை. இரண்டு நாள் வெயில் வந்ததும் மறுபடி பாருங்கள்.

ஒரே ஒரு பெட்டி மட்டும் அடங்கிக் கிடந்தால் திறக்கும் முன் பின்பக்கத்தை ஒரு கையால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். நாலு பெட்டியைத் தூக்கிப் பழகினால் கையே எடை சொல்லும். வெறும் பெட்டி போல எழும்பினால் பசி.

திறந்ததும் பசியை உறுதிசெய்யும் விஷயங்கள்: சட்டத்தின் மேல் ஓரத்தில் தேன் வளையம் இல்லை, ஈக்கள் தலையை அடையின் அறுகோண அறைக்குள் விட்டபடி செத்துக் கிடக்கின்றன, வாசலுக்கு முன்னால் வெள்ளைப் புழுக்கள் இழுத்துப் போடப்பட்டிருக்கின்றன. புழு வெளியே கிடந்தால் நோய் என்று பயப்படுகிறார்கள். பசி முற்றினால் ஈ தன் புழுவையே வெளியே எறியும், அதனால் முதலில் தேன் இருக்கிறதா என்று பாருங்கள்.

தீனி கொடுக்கும் முறை. சீனியும் தண்ணீரும் சரிசமம். ஒரு பெட்டிக்கு வாரம் 200 கிராம் சீனி, 200 மில்லி தண்ணீர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு, மெலிந்த பெட்டிக்கு அதையே இரண்டு மூன்று தவணையாகப் பிரித்துக் கொடுத்தால் நல்லது. தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கிச் சீனியைக் கரைத்து, நன்றாக ஆறியதும் சிரட்டையில் ஊற்றி உள்ளே தடுப்புப் பலகைக்குப் பக்கத்தில் வையுங்கள், ஈ மூழ்காமல் உட்கார ஈர்க்குச்சித் துண்டுகளை மிதக்க விடுங்கள். பொழுது சாய்ந்த பிறகுதான் வைக்க வேண்டும். ஒரு தோட்டத்தில் எத்தனை பெட்டி இருந்தாலும் ஒரே சாயங்காலம் எல்லாவற்றுக்கும் கொடுத்துவிடுங்கள், ஒன்றுக்குக் கொடுத்து மற்றதை விட்டால் மறுநாள் கொள்ளை நடக்கும், மற்றப் பெட்டி ஈக்கள் புகுந்து திருடும். காலையில் சிரட்டை காலியாக இருக்க வேண்டும். மிச்சம் இருந்தால் அளவைக் குறையுங்கள், புளித்த பாகு வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும்.

நம் ஊரில் கருப்பட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் அதைக் கரைத்து ஊற்றலாமா என்று கேட்பவர்கள் அதிகம். வேண்டாம். கருப்பட்டி, வெல்லம், நாட்டுச்சர்க்கரை எதுவும் ஈயின் வயிற்றுக்கு ஆகாது, வெள்ளைச் சீனிதான். கடையில் வாங்கிய தேனும் வேண்டாம், எந்தக் கூட்டு நோய் அதில் ஒட்டிக்கொண்டு வரும் என்று யாருக்கும் தெரியாது.

ஈ நடக்கவே தெம்பில்லாமல் நடுங்கிக்கொண்டிருந்தால் சிரட்டை வரை ஊர்ந்து வராது. வெதுவெதுப்பான பாகைச் சட்டத்தின் மேல்கட்டையில் சொட்டுச் சொட்டாக விட்டு மூடுங்கள். அரை மணி நேரத்தில் அசைவு தெரியும், அதன் பிறகு சிரட்டை வைக்கலாம்.

தேன் இருக்கிறது, எடையும் இருக்கிறது, ஆனாலும் பூம்பொடி வரவில்லை என்றால் ராணியைச் சந்தேகிக்க வேண்டும். முட்டை பற்றிய பகுதிக்குப் போங்கள்.

## அறிகுறி: அடிப்பலகையில் கருப்பாகத் துகள், அடையில் சிலந்தி வலை போல நூல்

மழைக்காலத்தில் நான் அதிகம் ஓடிப்போய்ப் பார்த்தது இதைத்தான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முதல் சோதனை. அடிப்பலகையில் இருப்பதைக் கொஞ்சம் அள்ளி உள்ளங்கையில் வைத்துத் தேயுங்கள். மெழுகாக ஒட்டிப் பிசுபிசுத்தால் அது வெறும் அடைத்தூள். நம் தேனீ பழைய அடையைக் கடித்துக் கீழே தள்ளிவிட்டுப் புது அடை கட்டும் குணம் உள்ளது, பழுப்பு நிறத் தூள் குவிந்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், சுரண்டித் தள்ளிவிட்டுப் போகலாம். அதற்கு மாறாகக் கடுகை விடச் சின்னதாக, ஒரே அளவில், உருளையாக, கருப்பாக இருந்தால் அது மெழுகுப் பூச்சிப் புழுவின் (அடையைத் தின்னும் அந்துப்பூச்சியின் புழு) எச்சம். தூளுக்குள் சாம்பல்-வெள்ளைப் புழு நெளிந்தால் சந்தேகமே வேண்டாம்.

அடுத்து ஒவ்வொரு சட்டத்தையும் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடியுங்கள். அடையில் தேனீப் புழு இருக்கும் மூடிய அறைகளில் ஒரு கோடு இழுத்தது போல மூடிகள் மட்டும் திறந்து, உள்ளே கண் தெரியும் வெள்ளைக் கூட்டுப்புழுக்கள் வரிசையாக இருந்தால், அந்தக் கோட்டுக்கு அடியில் மெழுகுப் பூச்சிப் புழு சுரங்கம் வெட்டிக்கொண்டு போகிறது என்று அர்த்தம்.

துகள் மட்டும், அடையில் நூல் இல்லை: அடிப்பலகையைக் கழற்றிச் சுரண்டி, கொதிக்கிற தண்ணீர் ஊற்றி, காய வைத்துப் போடுங்கள். மழைக்காலம் முழுக்க வாரம் ஒரு தடவை இதைச் செய்யுங்கள். பெட்டியின் இடுக்குகளை மெழுகு உருக்கி அடையுங்கள். இத்தாலியத் தேனீ மரப்பிசினைக் கொண்டுவந்து விரிசலைத் தானே பூசிக்கொள்ளும், நம் தேனீக்கு அந்தப் பழக்கம் கிடையாது, அதனால் அந்த வேலை நம்முடையது. தாய்ப் பூச்சி முட்டை வைப்பதே அந்த இடுக்குகளில்தான்.

ஒன்றிரண்டு சுரங்கம்: சட்டத்தைக் கிடையாகப் பிடித்துக் கட்டையை விரலால் தட்டுங்கள். புழு அசைந்து தலை நீட்டும், ஊசியால் அல்லது முள்ளால் இழுத்துப் போடலாம். சுரங்கம் போன கோட்டைக் கத்தியால் கீறி எடுத்துவிடுங்கள். ஈ பலமாக இருந்தால் சில நாளில் சரிசெய்துவிடும். மூன்று நாள் கழித்து மறுபடி பாருங்கள்.

அடை முழுக்க நூல்: அந்தச் சட்டத்தைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். அன்றே வெட்டி உருக்குங்கள் அல்லது எரியுங்கள். வெட்டிய அடையைத் தென்னை மூட்டில் வீசிவிட்டு வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், ஒரு மாதத்தில் அங்கிருந்து கிளம்பும் பூச்சி மறுபடி உங்கள் பெட்டிக்கே வரும்.

பாதிக்கு மேல் சட்டம் போய்விட்டது, ராணி இருக்கிறது: ஈயையும் ராணியையும் மட்டும் வேறொரு சுத்தமான பெட்டிக்கு உதறி மாற்றி, நோயில்லாத பெட்டியிலிருந்து புழு உள்ள ஒரு சட்டம் கொடுத்து, அன்று சாயங்காலமே பாகு வையுங்கள். அல்லது சேர்த்துவிடுங்கள்.

பெட்டிக்குள் அந்துருண்டை போடவே போடாதீர்கள், பூச்சி மருந்தும் வேண்டாம். மெழுகு அந்த வாடையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அடுத்த வருடத் தேனில் அது தெரியும். தேன் எடுத்த காலி அடைகளைப் பத்திரப்படுத்த வேண்டுமானால் ஈ இல்லாத காலிப் பெட்டியில் அடுக்கிக் கந்தகப் புகை போட்டு இறுக்கமாக மூடி வைக்கலாம். நாலைந்து சட்டம்தான் என்றால் பிளாஸ்டிக் உறையில் சுற்றி வீட்டு ஃப்ரீசரில் 2 நாள் வைத்து எடுத்தாலே முட்டை முதல் புழு வரை செத்துவிடும்.

## அறிகுறி: முட்டை கண்ணில் படவில்லை

வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்து அறையின் அடியைப் பாருங்கள். முட்டை 3 நாள் முட்டையாக இருக்கும், அதனால் அறைக்கு ஒரு முட்டை நின்றுகொண்டிருந்தால் கடந்த 3 நாளுக்குள் ராணி இருந்தது நிச்சயம், ராணியையே தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ராணி கண்ணில் பட்டது, முட்டை இல்லை. பெரும்பாலும் தீனிக் குறைவு. பூம்பொடி வராதபோது ராணி முட்டையை நிறுத்துவது இயல்புதான். ஒரு வாரம் சீரான தீனி கொடுத்துவிட்டுப் பாருங்கள். அப்புறமும் இல்லை, அல்லது இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் இருக்கிறது என்றால் ராணிக்கு வயதாகிவிட்டது, சேர்க்க வேண்டிய பெட்டி.

ராணியும் இல்லை, முட்டையும் இல்லை. வேறு பெட்டியிலிருந்து முட்டை உள்ள ஒரு சட்டத்தை, ஈயை உதறிவிட்டு, கொடுங்கள். 3 நாளில் அதில் ராணி அறை கட்டத் தொடங்கினால் பெட்டியில் ராணி இல்லை. கட்டவில்லையென்றால் எங்கோ ஒரு கன்னி ராணி (இன்னும் கலவி முடியாத இளம் ராணி) இருக்கலாம், இன்னும் ஒரு வாரம் பொறுங்கள்.

ராணி அறை கட்டிவிட்டதே, அதுவே பொரித்துக்கொள்ளட்டும் என்று விடலாமா? ஐப்பசி, கார்த்திகை என்றால் விடுவேன். ஆனி ஆடியில் விடமாட்டேன். கன்னி ராணி கலவிக்குப் பறக்க நல்ல வெயில் வேண்டும், ஆண் தேனீக்களும் வேண்டும். பசிக் காலத்தில் கூடுகள் முதலில் துரத்துவதே ஆண் தேனீக்களைத்தான். 2 சட்டப் பெட்டி இந்தச் சூதாட்டத்தைத் தாங்காது.

ஒரு அறைக்குள் இரண்டு, மூன்று, நாலு முட்டை. அறையின் சுவரில் ஒட்டிய முட்டை. பணித்தேனீ அறைகளில் கூம்பு கூம்பாகப் புடைத்த மூடி. பணித்தேனீக்கள் முட்டையிட ஆரம்பித்துவிட்டன. நம் தேனீயில் ராணி போன பிறகு இது சீக்கிரமே வந்துவிடும். இதற்குப் புது ராணி கொடுத்தால் பெரும்பாலும் கொன்றுவிடும். பெட்டியைக் கலைப்பதுதான் வழி. மழை இல்லாத நாளில் பெட்டியைத் தூரமாகக் கொண்டுபோய், பலமான பெட்டிகள் உள்ள பக்கம் சட்டங்களை உதறிவிட்டு, பழைய இடத்தில் எதுவும் வைக்காமல் விடுங்கள். ஈக்கள் மற்றப் பெட்டிகளின் வாசலில் இடம் கேட்டு நுழைந்துகொள்ளும். மனசு கேட்காது, தெரியும். ஆனால் அந்தப் பெட்டி முடிந்துபோன பெட்டி.

## அறிகுறி: அறைக்குள் புழு செத்துக் கிடக்கிறது

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்துப் பைப்புழு நோய் என்ற வைரஸ் நோய் குமரியிலும் கேரளத்திலும் பெட்டிகளை வாரிக்கொண்டு போனது. தோட்டம் தோட்டமாகக் காலிப் பெட்டி அடுக்கி வைத்திருந்த காலம் அது. அந்த நோய் இன்னும் போய்விடவில்லை, மெலிந்த பெட்டியில் தலை காட்டும்.

முதலில் ஒரு பொய்ப் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஆண் தேனீ அறைகளின் மூடியில் நடுவே குண்டூசி அளவு ஓட்டை இருக்கும், நம் தேனீக்கு அது இயற்கை. அது நோய் இல்லை.

அடையின் ஓரத்தில் மட்டும், ஒரு பட்டையாக, எல்லா வயதுப் புழுவும் செத்திருக்கிறது. குளிர்ந்து செத்தவை. ஈ சுருங்கியபோது ஓரத்துப் புழுவைப் போர்த்த ஆள் இல்லை, அல்லது மழையில் நாம் பெட்டியை அதிக நேரம் திறந்து வைத்தோம். சட்டங்களை நெருக்குங்கள், திறப்பதைக் குறையுங்கள். நோய் இல்லை, பரவாது.

மூடாத அறையில் இளம் புழு, சுருண்டபடியே மஞ்சளித்து, புளித்த வாடை. ஐரோப்பிய புழு அழுகல் நோயாக இருக்கலாம். அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டுத் தீனியைக் கூட்டுங்கள், பல தடவை ஈ பெருகியதும் அடங்கிவிடும். பத்து நாளில் குறையாவிட்டால் அடை மாதிரியோடு ஆய்வகத்துக்குப் போக வேண்டும்.

பெரிய புழு, அறைக்குள் நீட்டி நிமிர்ந்து மல்லாந்து கிடக்கிறது, தலை மட்டும் தோணியின் முனை போல மேலே தூக்கியிருக்கிறது. சின்ன இடுக்கியால் தலையைப் பிடித்து மெதுவாகத் தூக்குங்கள். கிழியாமல் ஒரு தண்ணீர்ப் பை போல வந்தால் பைப்புழு நோய். பெரிதாக நாற்றம் இருக்காது. பழையதாகிவிட்டால் காய்ந்து கருத்த செதிலாகிவிடும்.

இதற்கு மருந்து கிடையாது. ஆன்டிபயாட்டிக் மாத்திரையைப் பாகில் கலக்கச் சொல்லும் ஆலோசனை சுற்றிக்கொண்டே இருக்கிறது. வைரஸை அது தொடாது, தேனில் மட்டும் தங்கும். செய்யக்கூடியவை: நோய் கண்ட அடைகளை வெட்டி எரிப்பது, ராணியைச் சின்னக் கூண்டில் ஏறக்குறைய 2 வாரம் அடைத்து வைத்து, புது முட்டை இல்லாமல் செய்து, பழைய புழுவெல்லாம் வெளியேறிய பிறகு விடுவது, கையை, உளியை, துணியை ஒவ்வொரு பெட்டிக்குப் பிறகும் கழுவுவது. ராணியை அடைக்கும் வழி 4 சட்டத்துக்கு மேல் ஈ உள்ள பெட்டிக்குத்தான், அதற்குக் கீழே என்றால் அடைத்து முடிப்பதற்குள் ஈ தீர்ந்துவிடும். 2 சட்டப் பெட்டியில் இந்த நோயைப் பார்த்தால் இரவில் வாசலை அடைத்து முழுதாக அழித்துவிடுவேன், மற்றப் பெட்டிகளை நினைத்து. அந்தப் பெட்டியிலிருந்து ஒரு சட்டம்கூட வேறெங்கும் போகக் கூடாது, எந்தப் பெட்டியோடும் சேர்க்கவும் கூடாது. அடுத்த பருவத்தில் ஒரு பெட்டியை இரண்டாகப் பிரிக்கும்போது, பக்கத்தில் நோய் வந்தும் தாக்குப்பிடித்த பெட்டியிலிருந்துதான் ராணி எடுங்கள்.

## அறிகுறி: ஓடிப்போகப் போகிறது

நம் தேனீயின் குணமே இது, பிடிக்கவில்லையென்றால் வீட்டைக் காலி செய்துவிடும். ஆனால் சொல்லாமல் போவதில்லை. சில நாள் முன்பே புது முட்டை நின்றுவிடும், பூம்பொடி வராது, ராணி வயிறு ஒட்டி மெலிந்து வேகமாக ஓடும், இருக்கிற தேனைக் குடித்து முடிப்பார்கள், கடைசியாக மூடிய புழுக்கள் பொரித்து வெளியே வரும் வரை காத்திருப்பார்கள். மூடியைத் திறந்ததும் ஈக்கள் அமைதியாக இல்லாமல் சட்டத்தில் கூட்டமாக இங்கும் அங்கும் ஓடினால் நாள் நெருங்கிவிட்டது.

காரணத்தை எளியதிலிருந்து தேடுங்கள். மூடி ஒழுகி உள்ளே ஈரமா? முன்பக்கம் சற்றுத் தாழ்வாக வைத்தால் தண்ணீர் வாசல் வழியே வடிந்துவிடும், மேலே ஒரு தகரம் போட்டுக் கல் வையுங்கள். எறும்பா? பசியா? மெழுகுப் பூச்சியா? நாமே இரண்டு நாளைக்கு ஒரு தடவை திறந்து தொல்லை கொடுத்தோமா?

காரணத்தை நீக்கிய அன்றே, நோயில்லாத பெட்டியிலிருந்து முட்டையும் இளம்புழுவும் உள்ள ஒரு சட்டம் கொடுங்கள். குழந்தையை விட்டுவிட்டு அவ்வளவு எளிதில் கிளம்பமாட்டார்கள். பாகு வையுங்கள். வாசலில் ராணித் தடுப்புத் தகடு (பணித்தேனீ மட்டும் நுழையும் அளவு ஓட்டை உள்ள தகடு) போடலாம், ஆனால் 4, 5 நாளுக்கு மேல் வேண்டாம், காரணத்தைச் சரிசெய்யாமல் கதவை மட்டும் பூட்டினால் உள்ளேயே பட்டினி கிடந்து சாவார்கள்.

கிளம்பிவிட்டால், பக்கத்துப் பலாவிலோ மாவிலோ கொத்தாகச் சில மணி நேரம் தொங்க வாய்ப்பு உண்டு. பிடித்தால் பழைய பெட்டியில் போடாதீர்கள், வேறு சுத்தமான பெட்டி, வேறு இடம், ஒரு புழுச் சட்டம்.

## அறிகுறி: வாசலில் சண்டை, கூட்டம், பிணம்

மத்தியானம் இளம் ஈக்கள் பெட்டியைப் பார்த்தபடி மிதந்து விளையாடுவது கொள்ளை இல்லை, அரை மணியில் அடங்கிவிடும். கட்டிப் புரண்டு சண்டை போட்டு, இடுக்குகளிலெல்லாம் மூக்கை நுழைத்தால்தான் கொள்ளை. உடனே வாசலை ஒரு ஈ போகும் அளவுக்குப் புல்லால் அடையுங்கள், தீனியை எடுத்துவிடுங்கள், பெட்டி மேல் ஈரத் துணி போடுங்கள். அடங்காவிட்டால் இரவில் இடம் மாற்றுங்கள்.

எறும்பு: தாங்கியின் கால் கிண்ணத்தில் தண்ணீர் இருந்தும் ஏறினால், கிண்ணத்தில் விழுந்த சருகு பாலமாகியிருக்கும், அல்லது ஒரு இலை பெட்டியைத் தொட்டுக்கொண்டிருக்கும். முசுறு அப்படித்தான் மரத்திலிருந்து நேராக இறங்கும், ஒரே இரவில் மெலிந்த பெட்டியை முடித்துவிடும். கொப்பை வெட்டுங்கள்.

குளவி (கதண்டு, கடந்தல் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும்): வாசலைச் சுருக்குங்கள், வருவதை மட்டையால் அடியுங்கள். கூடு கண்டுபிடித்தால் நீங்களே தீ வைக்கப் போகாதீர்கள், தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

நாக்கை நீட்டியபடி திடீரென்று கைநிறைய ஈ வாசலில் செத்துக் கிடந்தால் மருந்தடிப்பு. பக்கத்து வாழையிலோ நெல்லிலோ என்ன அடித்தார்கள் என்று கேளுங்கள், அடுத்த தடவை முந்தைய நாளே சொன்னால் சாயங்காலமே வாசலை வலையால் அடைத்து வைக்கலாம் என்று நல்லபடியாகப் பேசி வையுங்கள். பெட்டி முகப்பில் மஞ்சள்-பழுப்பு எச்சச் சொட்டுகள் இருந்தால் புளித்த தீனி, அல்லது பல நாள் மழையில் அடைபட்டது. சொட்டு நிற்காமல் ஈ பறக்க முடியாமல் தரையில் ஊர்ந்தால் மாதிரி கொடுத்துப் பார்க்க வேண்டும்.

## சேர்ப்பது

10 பெட்டி வைத்திருப்பவர் ஆடியில் 6 ஆக்கினால் ஐப்பசியில் அந்த 6 பெட்டி மறுபடி 10 ஆகும். 10 மெலிந்த பெட்டியை அப்படியே வைத்தால் ஐப்பசியில் மூன்றுதான் மிஞ்சியிருக்கும், அதுவும் பிரிக்கிற நிலையில் இருக்காது. எண்ணிக்கையைக் குறைக்க மனம் வராததுதான் நம் எல்லோருடைய சிக்கலும்.

நோய் இல்லை என்று இரண்டு பெட்டியிலும் புழுவைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். தினம் ஓரிரு அடி நகர்த்தி இரண்டையும் பக்கத்தில் கொண்டுவாருங்கள். மோசமான ராணியை முந்தைய நாளே எடுத்துவிடுங்கள். அடுத்த சாயங்காலம், பலமான பெட்டியின் புழு அறை மேல் ஒரு செய்தித்தாளை விரித்து, ஊசியால் ஏழெட்டு ஓட்டை போட்டு, இரண்டு பக்கமும் லேசாகப் பாகு தெளித்து, மெலிந்த பெட்டியின் புழு அறையை அப்படியே மேலே தூக்கி வையுங்கள். மேல் அறையின் இடுக்கெல்லாம் மூடியிருக்க வேண்டும். ஈ தாளைக் கடித்து வழி போடுவதற்குள் வாடை ஒன்றாகிவிடும். மூன்றாம் நாள் வாசலில் தாள் துணுக்கு கிடக்கும். ஒரு வாரம் கழித்துத் திறந்து, நல்ல சட்டங்களை ஒரே அறைக்குள் இறக்கி, மிச்சத்தை எடுத்துவிடுங்கள்.

## எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

ஒரே வாரத்தில் இரண்டு பெட்டிக்கு மேல் செத்த புழு. தண்ணீர்ப் பை போன்ற புழு ஒன்றே ஒன்று என்றாலும். காரணம் தெரியாமல் அடுத்தடுத்துப் பெட்டி காலியாவது. இந்த மூன்றில் எது வந்தாலும் காத்திருக்காதீர்கள். குமரியில் இருப்பவர்களுக்குத் திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையம் பக்கம், எல்லை தாண்டினால் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் வெள்ளாயணி வளாகத்தில் தேனீ ஆராய்ச்சி நடக்கிறது, கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறையும் உண்டு. போகும் முன் போன் செய்து மாதிரியை எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று கேளுங்கள். பொதுவாக உள்ளங்கை அகல அடைத் துண்டு, செத்த புழுவும் மூடிய புழுவும் இரண்டும் இருக்கிற மாதிரி, செய்தித்தாளில் சுற்றி அட்டைப் பெட்டியில். பிளாஸ்டிக் பையில் கட்டினால் வியர்த்து அழுகிவிடும், அங்கே போய்ச் சேர்ந்ததும் எது நோய், எது அழுகல் என்று அவர்களாலும் சொல்ல முடியாது. கூடவே எந்தத் தேதியில் என்ன பார்த்தீர்கள், என்ன தீனி கொடுத்தீர்கள், வேறு எங்கிருந்தாவது பெட்டி வாங்கினீர்களா என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள், அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.